அறிவியல் வந்தால் மனிதன் போய்விடுவானா?

“அறிவியல் புனைகதையில் அறிவியல் கூடினால் கதை வறண்டுவிடும், வாசகனுக்கு வேண்டியது மனிதர்களும் உணர்ச்சிகளும்தான்.” எந்த இலக்கியக் கூட்டத்தில் சொன்னாலும் இதற்குக் கைதட்டல் நிச்சயம். தமிழில் அறிவியல் புனைகதையைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருப்பது இந்த நம்பிக்கைதான்.

நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தைத் தாண்டினால் காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும் ஓட்டுநர் சின்ன கியரிலேயே வருவார். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும். சூடு கூடக்கூட பிரேக் பிடிக்காது. பக்கத்தில் தூங்கும் கிளீனர் பையனை அவர் ஏன் உலுக்கி எழுப்புகிறார் என்பதற்கான விடை அந்த டிரம்மில் இருக்கிறது. அந்தச் சூட்டை விட்டுவிட்டு அவருடைய பயத்தை மட்டும் எழுத முடியுமா?

டாம் காட்வின் 1954-இல் எழுதிய ‘தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்’ சிறுகதையில், தொலைதூரக் கிரகத்துக்கு உயிர்காக்கும் மருந்து கொண்டுபோகிறது ஒரு சிறு விண்கலம். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் அதில் ஒளிந்து வருகிறாள். எரிபொருளோ அளந்து ஊற்றியது; அவள் எடையும் சேர்ந்தால் கலம் பத்திரமாகத் தரையிறங்காது. அவளைக் காப்பாற்றவே விமானி துடிக்கிறான். கணக்கு விடவில்லை. உபரி எரிபொருள் இல்லாத கலத்தை ஏன் அனுப்பினார்கள், கதவுக்கு ஒரு பூட்டுக்கூடவா இல்லை என்று வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பொறியியலில் தொடங்கும் அந்தச் சண்டை, அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்ற அறக்கேள்வியில் போய் நிற்கிறது. எரிபொருள் கணக்கை எடுத்துவிட்டால் அவளுடைய கண்ணீருக்குக் காரணமே இல்லை.

“சுஜாதாவின் ஜீனோவை மக்கள் நேசித்தது அறிவியலுக்காகவா?” என்று கேட்பார்கள். ஆம், அதற்காகவும்தான். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் அந்த நாய் ஓர் இயந்திரம், அது படிக்கிறது, யோசிக்கிறது. இயந்திரத்துக்கு மனம் உண்டா என்ற கேள்வி உள்ளே ஓடுவதால்தான் அதன் பாசம் நம்மைத் தொந்தரவு செய்கிறது. இயந்திரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீதிக்கதையில் வரும் புத்திசாலி நாய்.

“நம் வாசகனுக்குப் புரியாது” என்பது அடுத்த வாதம். இது வாசகனை அவமதிப்பது. முட்டை ஓடு மெலிந்தால் தீவனத்தில் கால்சியம் குறைந்ததா என்று பார்க்கிறார் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர். இதே மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்து உருவாக்கிய செயற்கை நிலவு மண்ணில்தான் இஸ்ரோ சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலத்தையும் உலவியையும் சோதித்தது. இவையெல்லாம் கண்ணெதிரே இருக்கும் ஊரில் யாருக்குப் புரியாது என்கிறீர்கள்?

பாடம் நடத்தும் கதைகளும் உண்டு. அது எழுதுபவரின் கைக்குறை. அழுது வடியும் கதைகள் ஆயிரம் வந்தும், உணர்ச்சியே கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லையே!

எழுதுபவர்களே, கதைக்கு நீங்களே வைத்த இயற்கை விதியை, நாயகனைக் காப்பாற்றுவதற்காக நடுவில் மாற்றாதீர்கள். பத்திரிகை ஆசிரியர்களே, அறிவியல் பத்தியில் கைவைக்கும் முன், அது இல்லாமல் அந்தப் பாத்திரத்தின் துயரம் நிற்குமா என்று பாருங்கள். நின்றால் தாராளமாக வெட்டுங்கள். நிற்காதென்றால், நீங்கள் வெட்டுவது மனிதனைத்தான்.