வட்டி 1.5% தான்… ஆனா கம்ப்யூட்டர் எத்தனை வருஷம் ஓடும்?



லோன் வாங்கப் போறோம்னா நாம எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "வட்டி எவ்வளவு?" வட்டி கம்மின்னா நல்ல லோன், ஜாஸ்தின்னா மோசமான லோன். இந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி புரியணும்னா, இன்னைக்கு நம்ம சம்பளக் கணக்கைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ஒரு நாட்டோட கடனைப் பார்க்கலாம்.

இலங்கை வாங்கின கடன்

இலங்கையில ஏ லெவல் பாஸ் பண்ணி, பல்கலைக்கழகம் போகத் தகுதி இருந்தும் இடம் கிடைக்காத மாணவர்கள் ரொம்ப அதிகம். புதுசு புதுசா பல்கலைக்கழகம் கட்ட அரசுகிட்ட பணம் இல்ல. அதனால தொலைதூரக் கல்வியை நவீனமாக்கலாம்னு முடிவு பண்ணாங்க. 2003 ஜூன்ல ஆசிய வளர்ச்சி வங்கி, அதாவது ஏடிபி, இதுக்காக சுமார் 4.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. நாடு முழுக்க கம்ப்யூட்டர், இணைய வசதியோட மையங்கள், ஆன்லைன் பாடங்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் இந்தத் திட்டத்துல இருந்துச்சு.

ஏடிபி தனியார் வங்கி இல்ல. பல நாட்டு அரசுகள் பங்குதாரர்களா இருக்கிற வங்கி. இந்தக் கடன் வந்த சலுகை நிதியும் ஜப்பான் மாதிரி பணக்கார நாட்டு அரசுகள் போட்ட பணம்தான்.

அந்தக் காலத்துல இந்த நிதியில இருந்து திட்டங்களுக்குக் கொடுத்த கடனோட விதிமுறை இதுதான்: மொத்தம் 32 வருஷம். முதல் 8 வருஷம் அசல் கட்ட வேண்டாம், 1% வட்டி மட்டும். அதுக்கப்புறம் 1.5%.

கேட்கவே ஆசையா இருக்குல்ல? நமக்கு ஹோம் லோன் வட்டியே இதை விடப் பல மடங்கு!

இப்ப வருஷத்தை எண்ணுங்க. அசல் கட்ட ஆரம்பிக்கிறது 2011 வாக்குல. கடன் முடியறது 2035 வாக்குல. 2005, 2006ல வாங்கின கம்ப்யூட்டரை நினைச்சுப் பாருங்க, பெட்டி மாதிரி மானிட்டர் வச்சது. அசலோட முதல் தவணை கட்டும்போதே அது பழசாகிப் போயிருக்கும். 2003ல இலங்கையில பிறந்த குழந்தை இன்னைக்கு உங்களை மாதிரி சம்பளம் வாங்கற ஆள். தான் சின்னக் குழந்தையா இருக்கும்போது வாங்கின மெஷினுக்கு அந்தப் பையனோட வரிப் பணம் இன்னும் போயிட்டு இருக்கு.

சம்பளம் ரூபாய்ல, தவணை வெளிநாட்டுப் பணத்துல

2003ல ஒரு டாலர் சுமார் 97 இலங்கை ரூபாய். இப்ப சுமார் 300. இடையில 2022ல 360 வரைக்கும் போச்சு. ஒரு லட்சம் டாலர் அசல்னு வச்சுக்கோங்க. கடன் வாங்கும்போது அது 97 லட்ச ரூபாய். இன்னைக்கு அதையே திருப்பிக் கட்டணும்னா 3 கோடி ரூபாய் திரட்டணும். வருஷத்துக்குச் சராசரியா சுமார் 5 சதவீதம் ரூபாய் சரிஞ்சிருக்கு. அதையும் சேர்த்துப் பார்த்தா 1.5% கடன் 7% கடனுக்குக் கிட்ட வந்து நிக்குது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இலங்கை அரசு உள்நாட்டுலயே கடன் வாங்கியிருந்தா வட்டி இதை விட அதிகமாத்தான் இருந்திருக்கும். அதனால "ஏமாத்திட்டாங்க"ன்னு நான் சொல்லல. விலை மலிவான கடன்தான். ஆனா சொன்ன விலை வேற, கட்டுற விலை வேற.

அடுத்தது இன்னும் முக்கியம். 2022 மார்ச்ல காகிதம் வாங்க டாலர் இல்லாம மேல் மாகாணத்துல பள்ளித் தேர்வுகளையே தள்ளி வச்சாங்க. அடுத்த மாசம் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டறதை நிறுத்தறோம்னு அரசு அறிவிச்சுச்சு. ஆனா ஏடிபி, உலக வங்கிக் கடன்களை அந்த நிறுத்தத்துல சேர்க்கல. அதாவது, பரீட்சைப் பேப்பருக்கு டாலர் இல்லாத நேரத்துலயும் பழைய கம்ப்யூட்டருக்கான தவணைக்கு விடுமுறை கிடையாது.

கடன் கொடுக்கறவங்களே கடையையும் காட்டினா?

ஏடிபி கடன்ல ஒரு நல்ல விஷயம், ஒரே நாட்டுப் பொருளைத்தான் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரு அரசு இன்னொரு அரசுக்கு நேரடியாக் கொடுக்கிற கடன்ல பல நேரம் அந்தக் கட்டாயம் வரும். சீன எக்ஸிம் வங்கியோட சலுகைக் கடன்ல பாதிக்குக் குறையாம சீனாவில இருந்து வாங்கணும். ஜப்பானோட 'ஸ்டெப்' கடன்ல குறைந்தது 30% ஜப்பான் பொருளும் சேவையும் இருக்கணும்.

நாம மட்டும் சும்மாவா? இந்தியா எக்ஸிம் வங்கி வழியா மற்ற நாடுகளுக்குக் கொடுக்கிற கடன்ல, சில தளர்வுகள் இருந்தாலும், பொதுவா 75% இந்தியாவில இருந்துதான் வாங்கணும்.

இந்த விஷயம் உங்களுக்கும் புதுசு இல்ல. ஆன்லைன் கோர்ஸ் விக்கிறவரே "ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், லோன் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம்"னு சொல்வாரே, அதே கதைதான். லோனும் பொருளும் ஒரே கையில இருந்து வந்தா விலையை ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு உங்களுக்குப் போயிடும்.

கடன் இல்லாமலும் செஞ்சு காட்டியிருக்காங்க

2004ல அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்போ, ஆப்பிரிக்க நாடுகளை செயற்கைக்கோள், ஃபைபர் வழியா இந்தியாவோட இணைக்கலாம்னு ஒரு யோசனை சொன்னார். 2009ல தொடங்கின பான் ஆப்பிரிக்க இ-நெட்வொர்க் அதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் உட்பட நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்கள் ஆப்பிரிக்க மாணவர்களுக்குப் பாடம் நடத்தின. செலவு இந்தியாவோடது. கடன் இல்ல, மானியம்.

பத்து வருஷத்துல என்ன ஆச்சு? 2019ல அதோட அடுத்த கட்டமா வந்த 'இ-வித்யாபாரதி' முழுக்க வெப்சைட் வழி. தனி ஸ்டுடியோ, தனி டிஷ் எல்லாம் தேவையே இல்லாம போச்சு. அந்த முதல் செட்டப்பை யாராவது 30 வருஷக் கடன்ல வாங்கியிருந்தா, இன்னும் இருபது வருஷம் டிஷ்ஷுக்குத் தவணை கட்டிட்டு இருப்பாங்க.

அப்ப கடனே வேண்டாமா?

வேணும். எதுக்கு வாங்கறோம்ங்கறதுதான் கேள்வி.

2020ல கோவிட் வந்து இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடினப்போ வகுப்புகளைக் காப்பாத்தினது எது? பல்கலைக்கழகங்களை இணைக்கிற 'லேர்ன்' நெட்வொர்க் ஜூம் வசதியைக் கொடுத்துச்சு. டெலிகாம் கம்பெனிகள் அதுக்கு டேட்டாவை இலவசமாக்கின. மாணவர்கள் அவங்கவங்க கையில இருந்த மொபைல்லயே பாடம் கேட்டாங்க. நெட்வொர்க்கும், ஆன்லைன்ல நடத்தத் தெரிஞ்ச ஆசிரியர்களும்தான் உதவினாங்க.

அதனால என் கருத்து இதுதான். பூமிக்கடியில போடுற கேபிள் இருபது வருஷத்துக்கு மேல உழைக்கும். பயிற்சி எடுத்த ஆசிரியர் முப்பது வருஷம் பாடம் நடத்துவார். இதுக்கெல்லாம் நீண்டகாலக் கடன் வாங்குங்க, தப்பில்ல. அஞ்சு வருஷத்துல பழசாகிற கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர், சாஃப்ட்வேர் லைசென்ஸ் இதெல்லாம் மானியத்துல வரட்டும், இல்லைன்னா அந்தந்த வருஷ பட்ஜெட்ல இருந்து வாங்கட்டும். நம்ம இந்தியாவும், கல்விக்குக் கொடுக்கிற கடன்லயாவது அந்த 75% விதியை எடுத்துடணும். நம்ம வரிப் பணத்தை வச்சு இன்னொரு நாட்டுக்கு உதவறோம்னா, அது உதவியா இருக்கட்டும், சேல்ஸா வேண்டாம்.

உங்களுக்கு நாலு கேள்வி

அடுத்த தடவை லேப்டாப், மொபைல், ஆன்லைன் கோர்ஸ்னு எதுக்கு இஎம்ஐ போட்டாலும் கையெழுத்துக்கு முன்னாடி இதைக் கேளுங்க:

1. கடைசி இஎம்ஐ கட்டும்போது இந்தப் பொருள் உயிரோட இருக்குமா?
2. எனக்கு வர்ற வருமானம் குறைஞ்சா இந்தத் தவணையும் குறையுமா, அப்படியே நிக்குமா?
3. பொருளை நான் தேர்ந்தெடுத்தேனா, லோன் கொடுத்தவர் தேர்ந்தெடுத்தாரா?
4. வாங்கின பிறகு வர்ற ரிப்பேர், ரென்யூவல் செலவு யார் தலையில?

இந்த நாலுக்கும் பதில் சரியா இருந்தா அப்புறம் வட்டியைப் பாருங்க. பதில் சரியில்லைன்னா, ஜீரோ பெர்சென்ட்னு சொன்னாலும் கொஞ்சம் யோசிங்க.

இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டோட நம்ம சேனல்ல தனி வீடியோவா போடலாமான்னு யோசனை இருக்கு. வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க. நான் சொன்னதுல உடன்பாடு இல்லைன்னா அதையும் தாராளமா எழுதுங்க, பேசலாம்.