முப்பது நாள் கெடு என்ன ஆயிற்று, செனட்டர்?

மதிப்பிற்குரிய செனட்டர் சக் கிராஸ்லி அவர்களுக்கு,

உங்கள் அயோவா மாநிலத்தில் எனக்கு ஓட்டு இல்லை. உங்கள் குடியரசுக் கட்சியின் கொள்கைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் நீங்கள் முன்னின்று வலுப்படுத்திய ஒரு சட்டம் இந்திய மாத்திரைகளின் லட்சணத்தை உலகறியச் செய்தது. அதனால்தான் இந்த மடல்.

ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் தாக்கூர், மருந்துப் பரிசோதனைத் தரவுகள் ஜோடிக்கப்படுவதைக் கண்டுபிடித்தார். 2005-இல் வேலையை விட்டுவிட்டு, அமெரிக்க அரசிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். 2013-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அதில் சுமார் 4.8 கோடி டாலர் தாக்கூருக்குக் கிடைத்தது. இங்கே இந்தியாவில், முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் ஆண்டுகள் பல கடந்தும் நடைமுறைக்கு வரவில்லை. எங்கள் மருந்தாலையில் நடந்த மோசடிக்கு உங்கள் நாட்டுச் சட்டம்தான் கணக்குக் கேட்டது.

அரசை ஏமாற்றுவோரிடம் பணத்தை வசூலிக்கும் அந்தப் பொய்க் கோரிக்கைச் சட்டம் 1863-இல் லிங்கன் காலத்தில் பிறந்தது. மரத்தூள் கலந்த வெடிமருந்தை ராணுவத்தின் தலையில் கட்டிய ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க வந்தது. 1943-இல் நாடாளுமன்றமே அதன் பல்லைப் பிடுங்கியது. 1986-இல் நீங்களும் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் பெர்மனும் சேர்ந்து அதற்கு மறுபடி பல் கட்டினீர்கள். ஏமாற்றியவர் மும்மடங்கு கட்ட வேண்டும். தகவல் தந்து வழக்குத் தொடுத்தவருக்கு 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு. அதன்பின் அமெரிக்கக் கருவூலத்துக்குத் திரும்பி வந்தது 7,500 கோடி டாலருக்கும் மேல்.

பழமைவாதி என்றால் அரசுச் செலவைக் குறைக்கச் சொல்பவர். ராணுவச் செலவும் அரசுச் செலவுதானே என்று கேட்ட பழமைவாதி நீங்கள். ரீகன் ராணுவத்துக்குப் பணத்தைக் கொட்டிய காலம் அது. ஆயுதங்களின் விலை மதிப்பீடுகள் நம்பத்தக்கவை அல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டிய சக் ஸ்பின்னி என்ற ஆய்வாளரைப் பார்க்க உங்களுக்கு அனுமதி மறுத்தார்கள். உங்கள் ஆரஞ்சு நிற ஷெவெட் காரை எடுத்துக்கொண்டு நீங்களே பென்டகனுக்குப் போய் நின்றீர்கள். அன்று அவரைப் பார்க்க விடவில்லை. ஆனாலும் 1983-இல் அவர் செனட் விசாரணையில் அமர்ந்து சாட்சி சொன்னார். ஆட்சி உங்கள் கட்சியுடையது, அதிபர் உங்கள் கட்சிக்காரர். 1991 வளைகுடாப் போருக்கு எதிராக வாக்களித்த இரண்டே குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவராகவும் இருந்தீர்கள்.

அந்தக் கிராஸ்லியைத்தான் தேடுகிறேன்.

அமெரிக்க அரசின் ஒவ்வொரு பெரிய துறைக்குள்ளும் ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரல் உண்டு. எங்கள் ஊர் போலீஸ் ஐ.ஜி. போன்றவர் அல்ல அவர். துறைக்குள் நடக்கும் விரயத்தையும் திருட்டையும் தோண்டி எடுத்து நாடாளுமன்றத்துக்குச் சொல்பவர். 2009-இல் ஒபாமா அப்படி ஒருவரை நீக்கியபோது காரணம் கேட்டீர்கள். 2020-இல் டிரம்ப் இருவரை நீக்கியபோதும் கேட்டீர்கள். பதில் வரும்வரை அதிபர் முன்மொழிந்த இரண்டு நியமனங்களை நிறுத்தியும் வைத்தீர்கள். 2022-இல் சட்டத்தையே இறுக்கினீர்கள்: நீக்குவதானால் 30 நாளுக்கு முன்பே நாடாளுமன்றத்துக்குச் சொல்வது மட்டும் போதாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விரிவான காரணம் தர வேண்டும்.

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு, சுமார் 17 இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முப்பது நாளும் இல்லை, காரணமும் இல்லை. நீங்கள் அப்போது செனட் நீதிக்குழுவின் தலைவர். ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து அதிபருக்குக் கடிதம் எழுதினீர்கள். நல்லது. ஆனால் 2020-இல் நீங்கள் எடுத்த ஆயுதம் உறையை விட்டு வெளியே வந்ததாகச் செய்தி இல்லை.

அந்த ஆயுதம் துருப்பிடித்துவிடவும் இல்லை. அதே 2025 ஆகஸ்டில், காற்றாலை, சூரிய மின்சக்திக்கான வரிச்சலுகை விதிகளில் நிதித்துறை கைவைக்கக் கூடாது என்று அத்துறையின் மூன்று நியமனங்களை நிறுத்திவைத்தீர்கள். காற்றாலை வரிச்சலுகைக்கு 1992-இல் வழி செய்தவர் நீங்கள். அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அந்த அக்கறையில் எனக்குக் குறை இல்லை. காற்றாலைக்குக் கிடைத்த கோபத்தில் பாதியாவது கணக்குக் கேட்பவர்களுக்குக் கிடைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இப்படி இரண்டு அளவுகோல் வைத்தது முதன்முறையும் அல்ல. 2016-இல் நீதிக்குழுத் தலைவராக இருந்தபோது, தேர்தல் ஆண்டு என்று சொல்லி, உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு ஒருநாள் விசாரணைகூட நடத்த மறுத்தீர்கள். 2020-இல் தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தபோது, அதே நீதிமன்றத்துக்கு டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பாரெட்டுக்கு வாக்களித்தீர்கள். அதிபரின் கட்சி மாறியது, உங்கள் விதியும் மாறியது. கண்காணிப்பு விஷயத்திலாவது உங்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது என்று எதிர்க்கட்சிக்காரர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

2025 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி அனா ரெயெஸ், இன்ஸ்பெக்டர் ஜெனரல்களின் அந்தப் பணிநீக்கம் சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தார். ஆனால் மீண்டும் வேலை தர மறுத்தார். முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து அதிபர் மறுபடியும் நீக்கிவிடலாமே, பிறகு என்ன பயன் என்பது அவர் வாதம். உங்கள் சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறதென்று நீதிமன்றமே விரல் வைத்துக் காட்டிவிட்டது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான காரணம் வரும்வரை நியமனங்களை நிறுத்திவையுங்கள். இரண்டு, நோட்டீஸ் மட்டும் போதாது, நிரூபிக்கத்தக்க தவறு இருந்தால்தான் நீக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தக் குரல் கொடுங்கள். மூன்று, 2024-இல் ஃபுளோரிடாவில், டிரம்ப் நியமித்த நீதிபதி ஒருவர், தனிநபர் அரசின் சார்பில் வழக்குத் தொடுப்பதே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பெழுதினார். அது நிலைத்தால் 1986-இல் நீங்கள் செய்த திருத்தத்தின் உயிர்நாடியே அறுந்துபோகும். அடுத்த நீதிபதிகள் உங்கள் குழு முன் வரும்போது, இதைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேளுங்கள்.

1993 முதல் 2020 வரை ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிடாதவர் நீங்கள்; அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் ஆண்டுதோறும் போய் வருபவர். உழைப்பைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் பதவிக்காலம் 2029 ஜனவரி வரை இருக்கிறது; அப்போது உங்களுக்கு 95 வயது. கட்சி மேலிடம் உங்களிடமிருந்து பறிக்க இனி பெரிதாக ஒன்றுமில்லை. பறிகொடுக்க நிறைய உள்ளவர்கள், ஏதோ ஓர் ஆலையில் பொய்க்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் திறக்கலாமா என்று யோசிப்பவர்கள்தான். எழுதியவரே காவல் நிற்காத சட்டத்தை நம்பி அவர்கள் வேலையைப் பணயம் வைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சட்டத்தால் பயனடைந்த நாட்டிலிருந்து ஒருவர்