இலவச மின்சாரத்தின் கணக்கை ஊரறியச் சொல்லுங்கள்

தமிழ்நாடு அரசுக்கும், மின்பகிர்மானக் கழகத்துக்கும், ஒன்றிய அரசுக்கும் திண்டுக்கல் சமவெளியின் விவசாயிகளும் நெசவாளர்களும் வைக்கும் கோரிக்கைச் சாசனம்.

உயிரைக் கொடுத்து வாங்கியது இலவச மின்சாரம். 1970-இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்தவர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1978-இல் எங்கள் வேடசந்தூரிலும் விவசாயிகள் சுடப்பட்டார்கள். அதன் பிறகுதான் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இந்த உரிமை வந்தது. அதில் கைவைக்க விடமாட்டோம். ஆனாலும் கணக்குக் கேட்கிறோம். கணக்கு இல்லாததால்தான் மின் இழப்புக்கான பழியெல்லாம் எங்கள் தலையில் விழுகிறது.

பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து உத்தேசமாக ஓர் அளவு போடுகிறார்கள். கம்பியில் இழந்ததும் களவு போனதும் அந்த உத்தேசத்துக்குள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. விவசாயத்துக்கு மின்சாரம் தரும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் மீட்டர் வையுங்கள். கிணற்றடியில் வேண்டாம், அங்கே மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்று எங்கள் மக்கள் அஞ்சுகிறார்கள். விவசாயிகள் சுடப்பட்ட ஊரில் அந்த அச்சம் நியாயமானது. இந்த மீட்டர் அளப்பதற்கு மட்டுமே என்று அரசாணையில் எழுதித் தாருங்கள்.

அளந்த கணக்கை மோட்டார்களின் குதிரைத்திறனோடு சேர்த்து ஊர்வாரியாக வெளியிடுங்கள். வசதியுள்ளவர் ஆயிரம் அடிக்கு போர் போட்டு 15 எச்.பி. மோட்டார் ஓட்டுகிறார், பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. வைத்திருப்பவரின் கிணறு வற்றிப்போகிறது. மானாவாரியில் சோளம் விதைப்பவருக்கு இந்த மானியத்தில் ஒரு பைசாகூட இல்லை. சிறு விவசாயியைக் காக்கவே இந்தக் கணக்கு வேண்டும்.

மானியம் அறிவிக்கும் அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே தரவேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. எவ்வளவு, எந்தத் தேதியில் தரப்பட்டது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 300 யூனிட்டுக்கும், விசைத்தறிக்குத் தரும் 1,000 யூனிட்டுக்கும் இதே கணக்கு வேண்டும்.

எங்களுக்கு வரும் மின்சாரத்தில் மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களின் பங்கு எவ்வளவு, காற்றாலையும் சூரியசக்தியும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். பிரிக்காமல் இலவச மின்சாரம் மொத்தத்தையும் நிலக்கரி மானியம் என்று எழுதுவது தவறு. அதில் நிலக்கரிக்கு மானியமே இல்லை என்பதும் தவறு.

மானியம் மின்சாரத்தோடு முடிவதில்லை. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் சமையல் எரிவாயு நட்டத்துக்காகப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 22,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்படி நேரடியாகக் கொடுக்கும் பணம், செயற்கையாகக் குறைத்த விலை, விட்டுக்கொடுத்த வரி ஆகிய மூன்றையும் புதைபடிவ எரிபொருள் மானியமாக எண்ணச் சொல்கிறது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் வரும் 12.சி.1 குறியீடு. மூன்றையும் மாநிலவாரியாக ஒரே அறிக்கையில், தமிழிலும், ஆண்டுதோறும் தாருங்கள். பம்புசெட்டோடு நின்றுவிடாமல் சுரங்கங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் தரும் சலுகைகளும் அதில் வரவேண்டும்.

ஒவ்வோர் ஊரின் கணக்கும் அக்டோபர் 2 கிராமசபையில் படிக்கப்படவேண்டும். கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மின்வாரிய உதவிப் பொறியாளர் அங்கே இருக்கவேண்டும்.