பத்தாண்டு விஸாவும் ஆறு மாத வாசமும்

அமெரிக்காவிலுள்ள மக்களையும் பேரக்குழந்தைகளையும் காண ஆண்டுதோறும் சென்றுவரும் பெற்றோர் நம்மிற் பலர். அவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

பி-2 விஸா 10 ஆண்டுக்கு வழங்கப்படினும், அது வாயிலைத் தட்டும் உரிமையேயன்றி உள்ளே வாழும் உரிமையன்று. தங்கும் கெடுவை ஒவ்வொரு முறையும் நுழைவாயில் அதிகாரியே குறிக்கிறார். பெரும்பாலும் 6 மாதம். அத்தேதி 'ஐ-94' பதிவில் காணும். உரிய காலத்தில் நீட்டிப்புக் கோராது ஒரு நாள் மிகுதியாகத் தங்கினும் விஸா செல்லாததாகும். அம்மிகுதி 180 நாளைக் கடந்தால் 3 ஆண்டு நுழையத் தடையும் உண்டு.

ஆறு மாதம் இருந்து, ஊர் திரும்பிய சின்னாளிலே மீண்டும் சென்றால், "உமது வீடு எங்கே?" எனும் ஐயம் அதிகாரிக்கு எழும். அங்கிருந்த நாளினும் இங்கிருந்த நாள் மிகுந்திருத்தலே அதற்குத் தக்க விடை.

பேரன் மழலையில் தேதியை மறந்து, அடுத்த முறை அவனைக் காணும் வழியை நாமே அடைத்துக்கொள்ளல் வேண்டா.