பதினைந்து வயதுக் குதிரை கிழடல்ல

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்க வருகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், கடைசியில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். வயது கூடியது என்று பல் சொல்லிவிட்டால் பேரம் இறங்கிவிடும். கறவை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கணக்கு இது: இளசாக வாங்கினால் ரொம்ப நாள் உழைக்கும். சென்னையிலும் கோவையிலும் பிள்ளைகளைக் குதிரையேற்றப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு குதிரை வாங்கித் தரலாம் என்று யோசிக்கும் பெற்றோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். மூன்று, நான்கு வயதுக் குதிரையைத் தேடுகிறார்கள். முதல் குதிரை வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தப்பு. அவர் தேட வேண்டியது 13 முதல் 16 வயது வரையுள்ள, நன்றாகப் பழகிய குதிரையை.

நல்ல பராமரிப்பில் ஒரு குதிரை 25 முதல் 30 வருடம் வாழும். இங்கிலாந்தில் படகு இழுத்த ஓல்டு பில்லி என்ற குதிரை 1760-இல் பிறந்து 1822 வரை, 62 வருடம் வாழ்ந்தது என்பது பதிவு. அது விதிவிலக்கு, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியின் தனிநபர் தங்கத்தை வென்ற பான்ஃபயரும் வெள்ளியை வென்ற ஜிகோலோவும் 1983-இல் பிறந்தவை. இரண்டுக்கும் அப்போது 17 வயது. ஓட்டப் பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே களத்தில் இறங்கி ஐந்தாறு வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குத்தான் பத்து வயதுக் குதிரை கிழடாகத் தெரிகிறது. உண்மையில் குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஏறக்குறைய ஆறு வயதாகும். எலும்பு முற்றும் முன்பே பந்தயத்தில் ஓடிக் களைத்த ஆறு வயதுக் குதிரையின் கால் மூட்டு, அளவாக வேலை செய்த பதினைந்து வயதுக் குதிரையின் மூட்டைவிட மோசமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது எத்தனை வயது என்பதைவிட எப்படிப்பட்ட வேலை செய்தது என்பதை.

ஓட்டுபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். குழந்தைக்கு 11 வயது என்று வைத்துக்கொள்வோம். 18 வயதில் அது கல்லூரிக்குப் போய்விடும். ஆக, குதிரை தேவைப்படுவது ஏழு வருடம். 14 வயதுக் குதிரை அந்த ஏழு வருடத்தையும் பெரும்பாலும் தாங்கிவிடும். நான்கு வயதுக் குதிரைக்கு இன்னும் பதினெட்டு வருட உழைப்பு மிச்சம் இருக்கலாம், ஆனால் அதில் முதல் இரண்டு மூன்று வருடம் தேர்ந்த கை பிடித்துப் பழக்க வேண்டிய காலம். கடிவாளத்தை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று தானே தடுமாறும் பிள்ளை, லாரி ஹாரனுக்கும் பறக்கும் பாலிதீன் பைக்கும் மிரளும் குதிரைக்கு எதைக் கற்றுக்கொடுக்கும்? விழும். இரண்டு முறை விழுந்த பிள்ளை மூன்றாம் முறை ஏறாது. குதிரையும் ஏறுபவரைத் தள்ளிவிடலாம் என்று கற்றுக்கொள்ளும். வயதான குதிரை அங்கவடியில் கால் சரியாகப் பதியாத பிள்ளையையும் பொறுத்துக்கொண்டு நடக்கும்.

வயதான குதிரை நோய்க்கிடங்கு அல்லவா, மருத்துவச் செலவு யார் தாங்குவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 15 வயதுக்குமேல் மூட்டு வாதம், பல் தேய்வு, ரோமம் உதிராமல் அடர்ந்து வளரச் செய்யும் சுரப்பிக் கோளாறு எல்லாம் வரக்கூடியவைதான். உடல் சூட்டைத் தணிக்கும் திறனும் குறையும் என்பதால் சென்னைப் புழுக்கத்தில் வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிட வேண்டும். பல் தேய்ந்தால் கொள்ளையும் தவிட்டையும் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் இளங்குதிரையின் குறை இன்னும் வெளிவரவில்லை. பதினைந்து வயதுக் குதிரையின் குறை பெரும்பாலும் கண்முன்னே நிற்கிறது. கால்நடை மருத்துவர் காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்து, விட்டவுடன் ஓட்டிப் பார்த்தால் நொண்டல் தெரிந்துவிடும். விற்பவர் வலி மாத்திரை கொடுத்து அதை மறைத்திருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்க வேண்டும். மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்கான சோதனையை எந்த வயதுக் குதிரைக்கும் விடக்கூடாது. லேசாக விறைப்பு உள்ள குதிரையை லாயத்திலேயே கட்டிப்போட்டால் விறைப்பு கூடும். தினமும் நிதானமான நடை கொடுத்தால் பல வருடம் ஓடும்.

வயதையே நம்ப முடியாதே என்பது அடுத்த சந்தேகம். அதுவும் உண்மை. பதிவுப் புத்தகம் உள்ள பந்தய இனக் குதிரைக்குப் பிறந்த தேதி உண்டு. சந்தையில் கிடைக்கும் மார்வாரிக்கோ கத்தியவாரிக்கோ பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். கீழ்த்தாடையின் நடு முன்பல்லில் இருக்கும் குழி ஏறக்குறைய 6 வயதில் தேய்ந்துவிடும், ஓரப்பல்லின் குழி 8 வயதில். 10 வயதில் மேல்தாடை ஓரப்பல்லில் ஈறையொட்டி ஒரு பழுப்புக் கோடு எட்டிப்பார்க்கும். 20 வயதில் அது பல் முழுக்க இறங்கியிருக்கும். தேய்ந்த பல்லில் குழி தோண்டி, காய்ச்சிய இரும்பால் கறுப்பாக்கிக் கிழக் குதிரையை இளசாக்கி விற்ற தந்திரமும் உலகச் சந்தைகளில் பழையது. ஆனால் கவனியுங்கள்: வயதைக் குறைத்துச் சொல்லத்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. அந்த ஏமாற்றுக்கு இரை இளசையே தேடி வருகிறவர்தான்.

போலோவுக்கோ தடை தாண்டும் போட்டியில் மேலே போகவோ குதிரை வேண்டுமென்றால் இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் ஏழு, எட்டு வயதில் தேடட்டும். எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. குதிரை 21 வயதில் சவாரிக்கு ஆகாமல் போகும், அப்புறமும் ஏழெட்டு வருடம் உயிரோடு இருக்கும். அப்போது யார் தீவனம் போடுவது? சவாரிக்கு உதவாத குதிரைகள் ஊட்டித் தெருக்களில் குப்பைத் தொட்டியைக் கிளறி நிற்பது நாமெல்லாம் பார்க்கும் காட்சி. வயதான குதிரை விலை குறைவு. அந்த விலை வித்தியாசம் லாபமல்ல, அதன் ஓய்வுக்காலத்துத் தீவனப் பணம். வாங்கும் அன்றே அதைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் பதினைந்து வயதுக் குதிரையை வாங்க வேண்டாம். நான்கு வயதுக் குதிரையையும் வாங்க வேண்டாம். அதற்கும் ஒருநாள் 21 வயதாகும்.