நோவில்லாத தாடை வீக்கம்

கன்னத்தின் கீழ்ப்பக்கம் இலேசாக உப்பியிருக்கிறது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. "பல்லு வீக்கமாக்கும், தானாக வற்றிவிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்குச் சிறு தடுமல் வந்தாலும் டொக்டரிடம் ஓடும் தாய்மார்தான், தமக்கென்று வரும்போது இப்படிப் பொறுத்திருப்பார்கள். இன்னும் சிலர் "கட்டி" என்றதுமே கென்சர் என்று பயந்து எவரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். இரண்டுமே கூடாது. தாடை எலும்பினுள் உண்டாகும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால், அதற்காகச் சும்மா விட்டுவிடக்கூடியவையும் அல்ல.

ஏன் உண்டாகின்றன?

பற்கள் தாடை எலும்புக்குள்ளேதான் உருவாகின்றன. பல் உருவான பின் மிஞ்சிய கலங்கள் சில அங்கேயே தங்கிவிடும். பிற்காலத்தில் அவை பெருகும்போது நீர்க்கட்டியோ வேறு கட்டியோ தோன்றுகிறது.

அதிகமாகக் காணப்படுவது, பூச்சி தின்று செத்துப்போன பல்லின் வேர்நுனியில் வரும் நீர்க்கட்டி. அடுத்தது, முளைக்காமல் எலும்பினுள் கிடக்கும் பல்லைச் சுற்றி வருவது. கீழ்த்தாடை ஞானப்பல்லிலும் மேல்தாடை வேட்டைப்பல்லிலும் இதைக் கூடுதலாகக் காணலாம். 14 வயதாகியும் பிள்ளைக்கு வேட்டைப்பல் வரவில்லையென்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு வகை, வெளியே அதிகம் வீங்காமல் எலும்பின் உள்ளே நீளவாக்கில் பரவும். அகற்றிய பின்னும் திரும்ப வரக்கூடியது. அமெலோபிளாஸ்டோமா என்பது நீர்க்கட்டியல்ல, கட்டியே. புற்றுநோய் இல்லாவிட்டாலும் சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வைத்தியர் முதலில் வாயினுள் விரலால் அழுத்திப் பார்ப்பார். எலும்பு மிகவும் மெலிந்திருந்தால் முட்டை ஓட்டை அமத்தியது போலிருக்கும். அந்த இடத்துப் பல் உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிப்பார். பின்னர் முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பீ.ஜீ. எக்ஸ்ரே, கட்டி பெரிதென்றால் சீ.டீ. ஸ்கேன். கர்ப்பிணியாக இருந்தால் படமெடுக்க முன்னரே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் நீர்க்கட்டியும் அமெலோபிளாஸ்டோமாவும் ஒரேமாதிரித் தெரியலாம். ஆகவே, சிறு துண்டொன்றை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயொப்ஸி பல வேளைகளில் அவசியமாகிறது. "கத்தி பட்டால் கென்சராகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பயொப்ஸி எடுப்பதால் சாதாரண கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை. எந்தச் சிகிச்சை பொருத்தமானது என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

சத்திர சிகிச்சை

சிறிய நீர்க்கட்டியை அதன் உறையோடு முழுதாகத் தோண்டியெடுப்பார்கள். மிகப் பெரிதானால் உடனே தோண்டுவது பக்கத்துப் பற்களுக்கும், கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்புக்கும் ஆபத்தாகலாம். அப்போது வாய்ப்பக்கமாக ஒரு வாசல் வைத்து நீரை வடியவிட்டுச் சுருங்கச் செய்வார்கள். கார்ல் பார்ட்ஷ் என்ற ஜேர்மன் சத்திர சிகிச்சை நிபுணர் 1892இல் விளக்கிய இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது.

அமெலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி எடுத்தால் மட்டும் பெரும்பாலும் போதாது. மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பல வேளைகளில் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை சேர்த்தே வெட்டுவார்கள். தாடை எலும்பின் பெரும்பகுதி போனால், கெண்டைக்காலின் சிறிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தலாம். 1989இலிருந்து தாடைக்குப் பயன்படும் முறை இது. என்றாலும், கட்டி சிறிதாக இருக்கையிலேயே போனவருக்கு இவ்வளவு பெரிய சிகிச்சை தேவைப்படாமற் போகலாம்.

சிகிச்சையின் பின் சில நாட்களுக்கு மெதுவான உணவே சாப்பிட வேண்டும். கீழ் உதடு கொஞ்சக் காலம் விறைத்திருக்கக்கூடும். சிலருக்கு அது முழுதாக மாறுவதில்லை. வெற்றிடத்தில் எலும்பு நிறைய மாதங்கள் செல்லும். சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிடக்கூடாது. கெரட்டோசிஸ்ட், அமெலோபிளாஸ்டோமா போன்றவை பல வருடங்களின் பின்னும் திரும்ப வந்ததுண்டு.

எப்போது போகவேண்டும்?

இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாத வீக்கம், காரணமின்றி ஆடும் அல்லது விலகும் பல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சீழ், திடீரென இறுக்கமாகிவிட்ட கட்டுப்பல், இவற்றில் ஒன்றிருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கீழ் உதடு காரணமில்லாமல் விறைத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பத்துப் போடுவதும் பார்மசியில் அன்டிபயோடிக் வாங்கி விழுங்குவதும் எலும்பினுள் இருக்கும் கட்டியைக் கரைக்காது.

அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காட்டினால், தேவையானவர்களை வாய், முகம், தாடை சத்திர சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் இதற்கான பிரிவுகள் உண்டு. சகோதரிகளே, பிள்ளையின் கிளினிக் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கும் நீங்கள், உங்களுக்கும் ஒன்று எடுக்கத் தயங்க வேண்டாம்.