கொட்டாப்புளியும் விமான இறக்கையும்

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டபோது சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய 5 நகரங்கள் அதன் மையங்களாக அறிவிக்கப்பட்டன. 2022-ல் மாநில அரசு வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை 10 ஆண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீட்டையும் 1 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. சேலத்தை ஒட்டியே இருக்கிறது கள்ளக்குறிச்சி மாவட்டம். கல்வராயன் மலை இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. ஆனாலும் அந்த 1 லட்சம் வேலைகளில் இந்த மலையின் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்ற கேள்வி இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த வட்டாரத்து அரசு ஐடிஐ ஒன்றில், ஒரு சிறு உலோக விமானத்துக்கு வேண்டிய தகட்டு உறுப்புகளை மாணவர்கள் தங்கள் கையாலேயே வெட்டி, வளைத்து, ரிவிட் அடித்துப் பழகும் பட்டறையைத் திறக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் ஆடம்பரமாகத் தோன்றலாம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

விமானம் என்றதும் என்ஜினும் மின்னணுக் கருவிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சிறிய உலோக விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கனமுள்ள அலுமினியக் கலவைத் தகடுதான். இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் ‘ரிப்’ எனப்படும் விலா ஒன்றைச் செய்யும் முறையைப் பார்ப்போம். முதலில் விலாவின் வடிவத்தில் கெட்டியான மரத்தில் இரண்டு அச்சுக்கட்டைகள் செதுக்க வேண்டும். தகடு மடியும் விளிம்பை, அந்தத் தகடு தாங்கும் அளவுக்கு உருட்டிவிட வேண்டும். கூர்மையாக விட்டால் மடிப்பிலேயே வெடித்துவிடும். மடக்கிய தகடு கையை எடுத்ததும் இரண்டு மூன்று பாகை பின்னுக்குத் திரும்பும் என்பதால் கட்டையின் பக்கவாட்டை அந்த அளவுக்கு உள்ளே சாய்த்துச் சீவ வேண்டும். தகட்டை இரு கட்டைகளுக்கும் நடுவில் வைத்து வைஸில் இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கொட்டாப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் படியவைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் உலோகம் இழுபட்டு அலையலையாகிவிடும். விலாவின் விளிம்பு வளைந்து செல்வதால் மடித்த ஓரத்தில் உலோகம் மிஞ்சும். அந்த மிச்சத்தை ரிவிட்டுகளுக்கு இடையிடையே சிறு நெளிவுகளாக இடுக்கியால் வாங்கிக்கொள்ள வேண்டும். நெளிவுகள் சீராக இல்லாவிட்டால் விலா வில்லாக வளைந்துவிடும். மேலே போர்த்தும் தகடும் அதன்மீது ஒட்டி உட்காராது.

அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும் துளையிலும் பிசிறெடுத்து, அரத்தின் தடம்கூடத் தெரியாதபடி மெருகேற்ற வேண்டும். கோடு போட இரும்பு ஊசியைத் தொடவே கூடாது. அந்தக் கீறலே பின்னாளில் விரிசலின் தொடக்கமாகும். பென்சிலும் ஆகாது, ஏனென்றால் அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கவைக்கும். மரத்துக்கு ரேகை ஓடுவதுபோல, உருளையில் உருட்டித் தயாரான தகட்டுக்கும் ஒரு போக்கு உண்டு. மடிப்பு அந்தப் போக்குக்குக் குறுக்கே விழும்படி தகட்டை வெட்டினால் தாங்கும், போக்கோடு மடித்தால் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மாணவர் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் எந்த அடியில் உலோகம் இறுகத் தொடங்குகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கவனம் மிகையானதல்ல என்பதற்கு விமான வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் ‘காமெட்’ பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. அதே வகை விமானம் ஒன்றை ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். அந்த ஆய்வும் மீட்ட சிதைவுகளும் தகட்டில் திறப்புகளை ஒட்டிய துளைகளின் ஓரத்தில் வளர்ந்த களைப்பு விரிசலையே காட்டின. அண்மைக் கால உதாரணம் இன்னும் நேரடியானது. வீட்டில் கட்டும் உலோக விமானங்களுக்கான உதிரித் தொகுப்புகளை விற்பதில் உலகில் முன்னணியில் இருப்பது அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட். அந்நிறுவனம் தகடுகளில் துளையிட லேசர் வெட்டுக்குப் போனது. அப்படி வெட்டிய துளைகளை ரிவிட் தலை பதிவதற்காகக் குழியாக்கியபோது அவற்றில் விரிசல் விட்டது. வாங்கியவர்கள் பலருக்கு உறுப்புகளை மாற்றித்தர வேண்டியதாயிற்று. இந்தச் சுமையும் சேர, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. எந்திரம் துல்லியமாகத்தான் வெட்டியது. லேசர் தொடங்கி முடியும் புள்ளியில் துளையின் விளிம்பு எப்படி இருக்கிறது, குழியாக்கும்போது அது என்ன ஆகும் என்பதைத் தகட்டைத் தொட்டுப் பழகியவர்தான் முதலில் கேட்டிருப்பார்.

இதற்குக் கள்ளக்குறிச்சி ஏன் என்று கேட்கலாம். அச்சுக்கட்டை செதுக்குவதிலிருந்தே தொடங்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. மரத்தின் ரேகை பார்த்து உளி பிடிக்கும் கைகள் இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. ஒரு விலாவுக்கு வேண்டிய கட்டையை அளவுப்படி, உருட்டிய விளிம்போடும் சாய்ந்த பக்கத்தோடும் செதுக்கித்தரும் திறமையை வெளியூரில் தேட வேண்டியதில்லை. தகட்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையோர டிங்கரிங் பட்டறைகளில் நசுங்கிய கதவைப் பின்னால் கட்டை கொடுத்துத் தட்டி நிமிர்த்துபவருக்கு உலோகத்தின் போக்கு தெரியும். நாமக்கல்லிலும் கரூரிலும் லாரிக்கும் பேருந்துக்கும் பாடி கட்டும் தொழிலே ஒரு பெரிய பள்ளிக்கூடம். ஐடிஐயில் ‘ஷீட் மெட்டல் ஒர்க்கர்’ என்று ஓராண்டுப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. சங்கராபுரத்திலும், மலைமேல் சேலம் மாவட்டப் பக்கமுள்ள கருமந்துறையிலும் பழங்குடி மாணவர்களுக்கென அரசு ஐடிஐக்கள் உள்ளன. மேற்கே சேர்வராயன் மலையிலும் தென்மேற்கே கொல்லிமலையிலும் பாக்சைட் தோண்டி மேட்டூரின் மால்கோ ஆலையில் அலுமினியம் எடுத்த வட்டாரம் இது. உலோகத்தைக் கொடுத்த மலைகளின் மக்களுக்கு அதை உருவாக்கும் தொழில் மட்டும் கிட்டவில்லை.

முதல் ஆட்சேபம் தொழில்நுட்பத்தைப் பற்றியது. ஹைட்ராலிக் பிரஸ்ஸும் சிஎன்சி எந்திரமும் வந்துவிட்டன, 71 அரசு ஐடிஐக்களை ரூ.2,877 கோடியில் டாடா டெக்னாலஜிஸ் துணையோடு நவீனமாக்கும் திட்டமும் வந்துவிட்டது, இந்தக் காலத்தில் கொட்டாப்புளியைக் கையில் கொடுப்பது பின்னோக்கிய பயணம் அல்லவா என்பார்கள். அந்த எந்திரங்கள் வேண்டும்தான். ஆனால் பெரிய விமான ஆலைகளிலும் பிரஸ்ஸில் அழுத்தி வெப்பச் சீராக்கல் செய்த உறுப்பு முறுக்கிக்கொள்ளும். அதை அச்சில் வைத்துக் கையால் நிமிர்த்திச் சரிபார்க்கும் ஆளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. கோலார் அருகே நரசாபுராவில் மஹிந்திரா ஏரோஸ்ட்ரக்சர்ஸ் ஏர்பஸ்ஸுக்குத் தகட்டு உறுப்புகள் செய்கிறது. ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இத்தாலிய வடிவமைப்பான பி68சி இரட்டை என்ஜின் விமானத்தையே கட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைக்குப் போகும் இளைஞர் பொத்தானை அழுத்த மட்டும் தெரிந்தவராக இருந்தால் பொத்தான் வேலைதான் கிடைக்கும். தகடு ஏன் அங்கே சுருங்கியது என்று சொல்லத் தெரிந்தவர் அச்சை வடிவமைக்கும் மேசைக்கும் தரச்சோதனை மேசைக்கும் நகர முடியும். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவானின் பௌ சென் குழுமம் ரூ.2,302 கோடியில் காலணி ஆலை அமைக்க 2023-ல் ஒப்பந்தமானது. 20,000 வேலைகள் என்றார்கள். நல்லதுதான், வரவேற்க வேண்டியதுதான். மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகை வேலைக்கு ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

இரண்டாவது ஆட்சேபம் உயிரைப் பற்றியது, எளிதில் ஒதுக்க முடியாதது. கையால் கட்டிய விமானங்கள் ஆபத்தானவை என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதமே வீட்டில் கட்டியவை. ஆனால் 2011-ன் உயிரிழப்பு விபத்துகளில் அவற்றின் பங்கு 21 சதவீதம். இதை மறைத்துவிட்டு ஆசை காட்டுவது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். அதே ஆய்வு முக்கியக் காரணங்களாகச் சுட்டியது என்ஜின் கோளாறையும், விமானி கட்டுப்பாட்டை இழப்பதையும்தான். அதனால் தகட்டு வேலையில் அலட்சியமாக இருக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பயிற்சிப் பட்டறையை விமான ஓட்டத்திலிருந்து பிரித்துவைக்க முடியும் என்றே இதைக் கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2019-ல் 20 பதின்ம வயதினர் ‘ஸ்லிங் 4’ என்ற நான்கு இருக்கை உலோக விமானத்தை மூன்று வாரத்தில் பூட்டினார்கள். அது கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை பறந்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஆலையில் வடிவமைத்து வந்த உதிரிகள், கூடவே அனுபவசாலிகளின் மேற்பார்வை. நான் கேட்பது அதற்கு முந்தைய படி. உதிரியையே செய்யக் கற்பது. அந்தப் படியில் யாரும் தரையைவிட்டு எழும்ப வேண்டியதில்லை.

பறக்க அனுமதி வாங்குவது நம் நாட்டில் தனிப் போராட்டம். மும்பையில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை அலுமினிய விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை 2016-ன் ‘மேக் இன் இந்தியா’ விழாவில் காட்சிக்கு வைத்தார். பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறக்கும் அனுமதி 2019-ல். தனி ஆட்கள் கட்டும் விமானத்துக்குத் தெளிவான, அடிக்கடி மாறாத விதி வேண்டும் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த அனுபவத்திலிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். ஐடிஐ பட்டறை அந்த விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது ஆட்சேபமே எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமனையும் பேருந்தும் கேட்டு நிற்கும் மக்களிடம் விமானத் தகட்டைப் பற்றிப் பேசுவது முறையா? சாலையும் மருத்துவமனையும் அவர்களின் உரிமை, அவற்றில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் சாலை போட்டு முடிந்ததும் அந்தச் சாலை வழியே இளைஞர் எங்கே போவார் என்பதும் கேள்விதான். இன்று கூலிக்கு வெளியூரும் வெளிமாநிலமும் போகிறார். கைத்தொழிலில் தேர்ந்து போனால் கூலியும் வேறு, மரியாதையும் வேறு. செலவும் மலைக்கவைப்பதல்ல. வைஸ், அச்சுக்கட்டை, கத்திரி, அரம், நெளிவு இடுக்கி, டிரில், கம்ப்ரசர், ரிவிட் கன் ஆகியவற்றில் விலையுயர்ந்த நவீன எந்திரம் எதுவும் இல்லை. பழகும் காலத்தில் சாதாரண அலுமினியத் தகடு போதும். சான்றிதழோடு வரும் விமானத் தரத் தகடு கடைசிக் கட்டத்துக்குத்தான். சிரமம் ஆசிரியரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தாம்பரத்தில் பயின்று விமானப்படையில் ஏர்ஃபிரேம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களையும், பெங்களூரு எச்ஏஎல்லில் இருந்து திரும்பியவர்களையும் அழைக்க வேண்டும். கூடவே மரச்சிற்பி ஒருவருக்கும் டிங்கரிங் மேஸ்திரி ஒருவருக்கும் பட்டம் கேட்காமல் கௌரவ ஆசிரியர் பணி கொடுக்க அரசாணையில் இடம் வேண்டும். இதைச் செய்யாமல் பட்டறையைத் திறந்தால் எந்திரங்கள் பாலிதீன் உறையோடு கிடக்கும்.

எனவே முதலாண்டிலேயே முழு விமானம் என்று அறிவிக்கக் கூடாது. ஒரே ஒரு இறக்கை போதும். மாணவர்கள் அணி அணியாக விலாக்களைச் செய்து, யார் செய்த விலா எது என்று எண்ணிட்டு, ரிவிட் அடித்துப் போர்த்தட்டும். பிறகு இறக்கையைத் தலைகீழாகத் தாங்கியில் பூட்டி, மேலே மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதிக்கலாம். சாதாரணச் சிறு விமானம் தன் எடையைப்போல் 3.8 மடங்கு சுமையில் நிரந்தரமாக வளையாமலும், அதன் ஒன்றரைப் பங்கான 5.7 மடங்கில் உடையாமலும் நிற்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள அளவுகோல். அளவைத் தாண்டியும் மூட்டை ஏற்றி, எங்கே முதலில் மடிகிறது என்று பார்த்து, அந்த விலாவைப் பிரித்தெடுத்து அதன் நெளிவையும் துளையையும் மாணவர்களே ஆராய வேண்டும். இதற்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. சேலம் மையத்துக்கு வரும் நிறுவனங்களை அந்தச் சோதனை நாளுக்கு அழைத்து, ஆள் எடுக்கச் சொல்லலாம். இறக்கைகள் அளவுகோலைத் தாண்டி நிற்கத் தொடங்கிய பிறகு, பறக்கும் விமானம் கட்டும் பேச்சை எடுக்கலாம். அப்போது ஓடுதளத்துக்கும் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியிராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய ஓடுதளம் உளுந்தூர்பேட்டையிலேயே கிடக்கிறது.